4.60 லட்சத்துக்குப் பழைய பிக்கப்: வேலூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் வழி சொல்லுங்கள்

ஒடுகத்தூர்_தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். அணைக்கட்டு பக்கம் கத்தரியும் தக்காளியும் போடுகிறோம். எங்கள் வீடு, சித்தப்பா வீடு, பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் என நாலு குடும்பத்துக் காயும் ஒரே வாடகை வண்டியில்தான் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிறது. ஒரு நடைக்கு 1,800 ரூபாய். மாதம் 20 நடை போனால் 36,000. அதில் டீசல் 11,000 போனாலும் மீதியில் சொந்த வண்டிக்கு வழி இருக்கிறது என்று வீட்டில் பேச்சு.

1.5 டன் பிக்கப் ஒன்று பார்த்தேன். 2017 மாடல், டி.என். 73 பதிவு, மீட்டரில் 92,000 கி.மீ. எஃப்.சி. (தகுதிச் சான்று) இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. புது பெயிண்ட் அடித்து அழகாக இருக்கிறது, இன்ஜின் சத்தமும் நன்றாகவே இருந்தது. 4.60 லட்சம் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 10,000 அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா? வாங்கிய பிறகு என்னென்ன செலவு வரும்?

காட்பாடி_பட்டறை

தம்பி, அட்வான்ஸ் இப்போது கொடுக்காதே. வெள்ளிக்கிழமை போனால் வேறு வண்டி வரும்.

மாடலும் மீட்டரும் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி இவ்வளவு நாள் எந்த லோடு அடித்தது என்பதுதான். 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரே வருடத்தில் வந்த ஒரே மாடல் பிக்கப் இரண்டை அடுத்தடுத்துத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். ஒன்று இன்னும் பத்து வருடம் ஓடும்போல இருந்தது. இன்னொன்றை இரும்புக் கடைக்குத்தான் அனுப்ப முடிந்தது. தொட்டியில் ஏறிய சரக்கு செய்த வேலை அது.

செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் அடித்த வண்டியா என்று பார்க்க, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை எண்ணு. கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை சொருகியிருந்தால் ஓவர் லோடு அடித்திருக்கிறார்கள். பட்டை கூடினால் ஸ்பிரிங் தாங்கிவிடும், வண்டியின் அடிச்சட்டமான சேஸ் தாங்காது. ஸ்பிரிங் பிராக்கெட்டை ரிவெட் அடித்திருக்கும் இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். டார்ச் அடித்துப் பார், அதன் மேல் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்றும் பார். பின் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பின் அச்சு இருக்கும் ஹவுசிங்கே வளைந்திருக்க வாய்ப்பு உண்டு.

தண்ணீர் கேன் போட்ட வண்டி என்றால் ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடியிருக்கும். கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார், கதவு கீல் எல்லாம் அடி வாங்கியிருக்கும். அது பெரிய செலவில்லை.

பால் வண்டி கிடைத்தால் விடாதே. கி.மீ. நிறைய காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தினமும் ஒரே தடம், ஒரே எடை, ஒரே டிரைவர். வண்டி ஒரு நாள் நின்றால் பால் கெட்டுவிடும் என்பதால் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

பொய்கை_டிரைவர்

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு ஏற்றி வருகிற வண்டிகளில் நானும் ஒருவன். மாட்டு மூத்திரமும் சாணமும் தொட்டித் தகட்டை அரித்துவிடும். மேலே ஒரு தகடு வெல்டிங் வைத்துப் புது பெயிண்ட் அடித்தால் மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. வண்டிக்கு அடியில் படுத்து, தொட்டித் தகடும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பொலபொலவென்று கொட்டினால் தொட்டி போச்சு.

நான் வாரத்தில் ஒரு நாள்தான் மாடு ஏற்றுகிறேன். சந்தை முடிந்ததும் அன்றைக்கே தண்ணீர் அடித்துக் கழுவி, உள்ளே வேப்பெண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் கலந்து பூசுவேன். ஏழு வருடமாகத் தகடு நிற்கிறது. எல்லோரும் அப்படிப் பார்ப்பதில்லை.

ஒடுகத்தூர்_தோட்டம்

நன்றி அண்ணா. புரோக்கரிடம் கேட்டேன். "மேல்விஷாரம் பக்கம் மூட்டை அடித்த வண்டி, லைட் லோடுதான்" என்றார். என்ன மூட்டை என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் இல்லை. அடிப்பக்கமும் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பேரணாம்பட்டு77

தம்பி, அந்தக் கறுப்பு பெயிண்ட்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான் பட்டதைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு அடுக்கித்தான் வண்டியில் ஏற்றுவார்கள். வழியெல்லாம் அந்த உப்புத் தண்ணீர் சொட்டும். தொட்டியின் மூட்டுகள் வழியாக இறங்கி சேஸ் மேல் விழும், பிரேக் பைப் மேல் விழும், ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில் போய்த் தங்கும். சேஸ் சட்டத்துக்குள் இறங்கியதை யார் கழுவுவது?

நான் 2021-ல் வாங்கியது அப்படி ஒரு வண்டி. 3.80 லட்சம். இன்ஜின் முத்து மாதிரி இருந்தது, அதில் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். வாங்கிய மூன்றாவது மாதம் குடியாத்தம் ரோட்டில் பிரேக் மிதித்தேன், பெடல் தரைக்குப் போனது. பின் பிரேக் பைப் துருப்பிடித்து வெடித்திருந்தது. முன் பிரேக் கொஞ்சம் பிடித்தது, கியரைக் குறைத்து ஒரு புளியமரத்து ஓரம் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருந்தான். அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் பிரேக் பைப் மொத்தமும் மாற்ற 6,500. ஸ்பிரிங் இரண்டு பக்கமும் 17,000. வயரிங்கில் எர்த் பிடிக்கும் இடமெல்லாம் அரித்து லைட் ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது, அதற்கு 9,000. எஃப்.சி.க்குப் போகும் முன் தொட்டியைக் கழற்றினால் குறுக்குச் சட்டம் இரண்டு கையோடு வந்தது. சேஸ் வேலை, தொட்டி வேலை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 88,000. மொத்தம் 1,20,500. வண்டி பட்டறையில் நின்ற 26 நாள் வாடகை தனி.

பெயிண்டை நம்பாமல் சின்ன சுத்தியலை எடுத்துப்போய் சேஸை நீளம் முழுக்கத் தட்டிக் கேள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு ஏறிய இடம் பொத்பொத்தென்று சத்தம் தரும். தொட்டியின் மூலையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார், உப்புக் கரிக்கும். அசிங்கமாகத் தோன்றினாலும் செய்.

காட்பாடி_பட்டறை

பேரணாம்பட்டுக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. உப்பு வண்டிகளில் நானும் பிரேக் பைப் மாற்றாத மாதமில்லை.

தம்பி செலவு கேட்டிருந்தாய். என் பட்டறையில் இந்த அளவு பிக்கப்புக்கு இப்போது ஆகிற தொகையைச் சொல்கிறேன், கூலியும் சேர்த்து. கிளட்ச் செட், அதாவது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்ற 9,000 முதல் 12,000. மூன்றையும் சேர்த்தே மாற்று. பேரிங் நன்றாக இருக்கிறது என்று விட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும், கூலி இரட்டிப்பு. பின் அச்சுப் பல்சக்கரமான கிரவுன் பினியன் போனால் 18,000 முதல் 25,000. கியர்பாக்ஸ் முழு வேலை 20,000 முதல் 35,000. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் கிடைக்கும். தெரிந்த ஆள் கூட இருந்தால் மட்டும் போ. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டில் சென்டர் பேரிங்கும் கிராஸும் 3,500-க்குள் முடியும். ரேடியேட்டர் 7,000 முதல் 10,000. நம் ஊர் சித்திரை வெயிலில் லோடோடு ஏறும்போது ரேடியேட்டர்தான் இன்ஜினைக் காப்பாற்றுகிறது, அதில் மிச்சம் பிடிக்காதே.

கையைக் கடிப்பது இன்ஜின்தான். முழு இன்ஜின் வேலை 80,000-க்குக் குறையாது, கிராங்க் போயிருந்தால் 1.20 லட்சம் வரை போகும். காமன் ரெயில் வண்டியில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்றைச் சரிசெய்ய 4,000 முதல் 5,000, புதிது போட்டால் ஒவ்வொன்றும் 12,000-க்கு மேல். நாலு சிலிண்டருக்கு நாலு. டர்போ ரிப்பேர் 12,000, புதிது அதைப் போல இரண்டு பங்கு.

இதெல்லாம் வாங்கும் முன்பே தெரிந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் போ. நீ வரும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முந்தின நாளே சொல்லி வை. போனதும் பானட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேலேயே கவிழ்த்து வை. மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று இன்ஜின் ஆறியிருக்கும்போதே பார்த்துவிடு, சூட்டில் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொள்ளாதே.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விடு. இன்ஜின் உடனே அணைந்தால் நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது.

குடியாத்தம்_ஸ்டார்

எனக்கு வேறு கருத்து இருக்கிறது. எதற்கு 2017? கொஞ்சம் கடன் போட்டு 2021 மாடல், புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியாக எடுத்துவிடலாமே. எங்கள் நைனா இரண்டு பழைய வண்டி வாங்கி இரண்டிலும் பட்டறைக்கே சம்பாதித்துக் கொடுத்தார். புது வண்டி என்றால் டென்ஷன் இல்லை. அது மட்டுமில்லாமல் எட்டு வருடம் வரை எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான், அதைத் தாண்டினால் வருடா வருடம் காட்ட வேண்டும்.

காட்பாடி_பட்டறை

கடன் தாங்கும் என்றால் தப்பில்லை. ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். அந்தக் கரியை எரிக்க வண்டி கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் சூடாக ஓட வேண்டும். சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், மார்க்கெட் என்று ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும். விளக்கு எரிந்தும் கண்டுகொள்ளாமல் ஓட்டிய வண்டிகள் என்னிடம் வருகின்றன. ஸ்கேனர் போட்டு எரிக்க வைத்தால் 2,000, 3,000-த்தோடு போகும். ஃபில்டரே போய்விட்டால் ஒரு முழு இன்ஜின் வேலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

தம்பிக்கு ஒடுகத்தூரிலிருந்து மார்க்கெட் வரை நிற்காமல் ஓட்டம் இருக்கிறது, அவருக்கு பி.எஸ்.6 ஒத்து வரும். வாங்கும் முன் 1,000 ரூபாய் கொடுத்து ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஒடுகத்தூர்_தோட்டம்

கடன் வேண்டாம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார் அண்ணா. போன வருடம் தக்காளி விலை விழுந்ததில் வாங்கிய கைமாற்றையே இப்போதுதான் அடைத்தோம்.

ஆற்காடு_அக்கா

எங்கள் வீட்டில் இரண்டு பிக்கப் ஓடுகிறது. ஓட்டுவது வீட்டுக்காரர், பேப்பர் எல்லாம் நான். இவ்வளவு பேரும் இரும்பைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், பேப்பரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தம்பி, வண்டி எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டுப் பார். எஃப்.சி., வரி, இன்ஷூரன்ஸ் எது வரை இருக்கிறது, கடன் இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா, தடை போட்டிருக்கிறார்களா எல்லாம் தெரியும். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. ஃபைனான்ஸ் கொடுத்த தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகே பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குகிறவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டும், இன்ஷூரன்ஸில் பெயர் மாற்ற 14 நாள்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பாலாற்றில் மணல் அடித்துப் பிடிபட்ட வண்டியா? அப்படிப் பிடிபட்ட வண்டியை நீதிமன்றத்தில் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே எடுப்பார்கள். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அதை மறைத்து விற்றுவிட்டால், வாங்கியவர் நடையாய் நடக்க வேண்டும். உரிமையாளர் இருக்கும் எல்லையில் போலீஸ் ஸ்டேஷனில் வண்டி எண்ணைக் கொடுத்து விசாரித்துவிடு. என் தம்பி முறை ஒருவன் இதில் மாட்டி எட்டு மாதம் வண்டியைத் தொட முடியாமல் இருந்தான். ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று டயர் நாலும் வெடித்துவிட்டது.

ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்றும் பார்த்துக்கொள். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் தேவை. கார் ஓட்டும் லைசென்ஸே இதற்குப் போதுமா என்று கேட்பார்கள். 7,500 கிலோ வரை போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்விலேயே சொல்லிவிட்டது. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் வருடம் 16,000 சொச்சம், அதற்கு மேல் வரி. இதையும் கணக்கில் எழுது.

பேரம் பேசும்போது ஒன்று சொல். 2025 செப்டம்பர் 22 முதல் புது சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. புதிதின் விலை இறங்கிய பிறகு பழையதுக்குப் பழைய விலையே கேட்பது நியாயமில்லை.

ஒடுகத்தூர்_தோட்டம்

நேற்று காலை ஆறு மணிக்குப் போனேன். பானட் சூடாக இருந்தது. அதைக் கேட்டதற்கு "பார்க்கிங் மாற்றினேன்" என்றார் புரோக்கர்.

சுத்தியலால் தட்டினேன். முன்பக்கம் கணீர் என்று கேட்டது. தொட்டிக்கு அடியில் பின் சக்கரத்துக்கு மேலே வந்ததும் சத்தம் செத்துப்போனது. கறுப்பு பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள், அதைக் குத்தினால் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கிவிட்டது. டயரில் உற்பத்தித் தேதியும் பார்த்தேன். கடைசி நாலு எண் 1123, அதாவது 2023-ம் வருடம் 11-வது வாரம். அந்த டயரே மொட்டையாகத் தேய்ந்து கிடக்கிறது. கிளட்ச் பெடல் ரப்பரும் வழவழவென்று இருக்கிறது. 92,000 கி.மீ. என்பதை நம்ப முடியவில்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். புரோக்கர் 3.90-க்குத் தருகிறேன் என்று இரண்டு முறை போன் செய்தார்.

பேரணாம்பட்டு77

எடுக்காததற்கு நன்றி தம்பி. 3 லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சேஸ் போன வண்டிக்கு விலை கிடையாது.

பொய்கை_டிரைவர்

கணியம்பாடி பக்கம் பால் வண்டி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. 2018 மாடல், முதல் உரிமையாளர், 2.14 லட்சம் கி.மீ. ஓடியது. 4.50 கேட்கிறார். மீட்டரைத் திருப்பவில்லை என்று எனக்குத் தெரியும், அந்த வண்டியை நானே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். கிளட்ச் தேய்ந்திருக்கும், முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். மற்றபடி சேஸ் சுத்தம். தனிச் செய்தியில் இடம் சொல்கிறேன்.

காட்பாடி_பட்டறை

என்னிடம் கொண்டுவா தம்பி, தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன். 1,000 கிலோ ஏற்றிப் பீஞ்சமந்தை மலை ரோட்டில் கொஞ்ச தூரம் ஏற்றி இறக்கு. வெறும் வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். லோடோடு ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளும், இறங்கும்போது பிரேக்கும் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒடுகத்தூர்_தோட்டம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கவும். பால் வண்டியையே எடுத்துவிட்டோம். 4.25-க்கு முடிந்தது. காட்பாடி அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, மலையில் ஏற்றி இறக்கி வந்த பிறகுதான் பணம் கொடுத்தோம். கடன் இல்லை, ஸ்டேஷனிலும் விசாரித்துவிட்டோம். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தாயிற்று.

இதுவரை ஆன செலவு: கிளட்ச் செட் 10,500. முன் டயர் இரண்டு 14,200. வலது பின் ஸ்பிரிங்கில் மெயின் பட்டை விரிசல் விட்டிருந்தது, இரண்டு பக்கமும் செட் பார்த்ததில் 8,800. ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் 5,600. மொத்தம் 39,100. 60,000 ஒதுக்கி வைத்திருந்தோம். மீதியை அடுத்த எஃப்.சி.க்கும் இன்ஷூரன்ஸுக்கும் அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டார் அப்பா.

நேற்று விடியற்காலை மூன்று மணிக்கு முதல் நடை. நாலு வீட்டுக் காயும் சேர்ந்து 1,280 கிலோ. சித்தப்பா முன்னால் என்னோடு உட்கார்ந்து வந்தார். அணைக்கட்டு தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். மார்க்கெட்டில் இறக்கி முடித்ததும் டீ வாங்கிக் கொடுத்து, "முள்ளு ஆடவே இல்லைடா" என்றார்.

காட்பாடி_பட்டறை

சந்தோஷம் தம்பி. ஸ்பிரிங் வேலை செய்த வண்டி, 500 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் நாலையும் மறுபடி இறுக்க வேண்டும். அதை விட்டால் சென்டர் போல்ட் அறுந்துவிடும். கூலி வேண்டாம், இரண்டு கிலோ முள்ளுக் கத்தரி கொண்டுவா.